எலக்ட்ரான் என்ன செய்யுதுன்னே தெரியாம எழுதின கோட்பாடு எப்படிச் சரியா வந்தது? – லண்டாவ், கின்ஸ்பர்க், அப்ரிகோசோவ்

#1 வெண்ணாறு

வணக்கம். நான் இ.இ.இ. படிச்சவன், இயற்பியல் பக்கம் வெறும் ரசிகன். கொஞ்ச நாளா ஒரு விஷயம் மண்டையைக் குடையுது. இங்கே விவரம் தெரிஞ்சவங்க இருக்கீங்கன்னு போடறேன்.

மீக்கடத்தியில (ரொம்பக் குளிர வெச்சா மின்தடையே இல்லாமப் போற பொருள்) எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துதான் தடையில்லாம ஓடுதுன்னு பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூணு பேரும் சொன்னது 1957-ல. ஆனா 1950-லேயே மாஸ்கோவில் கின்ஸ்பர்க்கும் லண்டாவும் மீக்கடத்திக்கு ஒரு கோட்பாடு எழுதி முடிச்சுட்டாங்க. ஜோடி சேருறதும் தெரியாது, எதனால சேருதுன்னும் தெரியாது. இருந்தும் அந்தச் சமன்பாடு இன்னைக்கும் நிக்குது. காந்தத்துக்குக் கம்பி இழுக்கிறவங்க வரைக்கும் அதிலிருந்து வந்த எண்களை வெச்சுதான் பேசறாங்க. உள்ளே நடக்கிறது தெரியாம வெளியே நடக்கிறதை இவ்வளவு சரியா எழுத முடியுமா? அதிர்ஷ்டமா, இல்ல வேற ஏதாவது சூட்சுமமா?

கூடவே இன்னொன்னு. லண்டாவோட மாணவர் அப்ரிகோசோவ் 1953-லேயே கண்டுபிடிச்ச ஒரு விஷயத்தை குரு ஏத்துக்காததால, அது நாலு வருஷம் மேசைக்குள்ளேயே கிடந்ததாப் படிச்சேன். நிஜமா?

#2 சும்மா ராசு

உள்ளே நடக்கிறது தெரியாம வெளியே நடக்கிறதைச் சொல்றவருக்கு எங்க ஊர்ல ஜோசியர்னு பேரு. நோபல் எல்லாம் குடுக்க மாட்டோம், வெத்தலை பாக்கு தட்டு மட்டும்தான்.

#3 தாமிரா

ராசு, தன் கணக்கு எந்த இடத்துல பலிக்காதுன்னு முன்கூட்டியே எண் போட்டுச் சொல்ற ஜோசியரை நீங்க பார்த்திருக்கீங்களா? கின்ஸ்பர்க் அதைச் செஞ்சார். அதுக்குப் பிறகு வரேன். முதல்ல வெண்ணாறு கேட்டதுக்கு.

அதிர்ஷ்டம் இல்லை. 1950-ஐ விட்டுட்டு 1937-க்குப் போகணும். தண்ணி ஐசாகிறது, இரும்பு காந்தமாகிறது மாதிரியான நிலைமாற்றங்களைப் பத்தி லண்டாவ் ஒரு பொதுக் கணக்கு போட்டது அந்த வருஷம். மாற்றப் புள்ளிக்கு மேலே பூஜ்யமாவும் கீழே பூஜ்யம் இல்லாமலும் இருக்கிற ஒரு அளவை எடுத்துக்கோங்க. அதுக்கு ஆர்டர் பாராமீட்டர்னு பேரு. இரும்புன்னா காந்தமேற்றம், 770 டிகிரி செல்சியஸுக்கு மேலே இருக்காது, கீழே வந்தா தலைகாட்டும். புள்ளிக்குப் பக்கத்துல அந்த அளவு ரொம்பச் சின்னது. அதனால ஆற்றலை அந்த அளவோட அடுக்குகளா விரிச்சு, முதல் ரெண்டு உறுப்போட நிறுத்திக்கலாம். எந்த அடுக்கு வரலாம், எது வரக்கூடாதுங்கிறதைச் சமச்சீர் முடிவு பண்ணிடும். இரும்புக்கு வடக்கும் தெற்கும் ஒண்ணுதான், ஆகவே ஒற்றைப்படை அடுக்குக்கு இடமில்லை. இருபடியும் நாற்படியும் மட்டும். இருபடியோட குணகம் மாற்றப் புள்ளியில குறி மாறும். மேலே இருக்கும்போது ஆற்றலுக்கு ஒரே பள்ளம், அது பூஜ்யத்துல. கீழே வந்ததும் பூஜ்யம் மேடாயிடும், பள்ளம் தள்ளிப் போயிடும்.

இதுல அணு எங்கே, எலக்ட்ரான் எங்கேன்னு கேட்டா, எங்கேயும் இல்லை. அந்த விவரமெல்லாம் ரெண்டு குணகத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்குது. குணகத்தை ஆய்வகத்துல அளந்து போட்டுக்கலாம். இதுதான் சூட்சுமம்.

மீக்கடத்திக்கு வரும்போது எதை ஆர்டர் பாராமீட்டரா எடுக்கறது? துணிச்சல் இங்கேதான். குவாண்டம் அலைச்சார்பு மாதிரி ஒரு கலப்பெண்ணை எடுத்தாங்க, சைன்னு அதுக்குப் பேர். அது எதோட அலைச்சார்புன்னு கேட்டிருந்தா 1950-ல யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. அதோட வர்க்கம் மீக்கடத்தும் எலக்ட்ரான்களோட அடர்த்தின்னு வெச்சுக்கிட்டாங்க. பழைய லண்டாவ் கணக்கோட ரெண்டு சேர்மானம்: சை இடத்துக்கு இடம் மாறினா அதுக்கு ஆற்றல் செலவாகும், சை-க்கு மின்னூட்டம் உண்டு, ஆகவே காந்தப்புலம் அதோட இழையும். முடிஞ்சது.

அந்த மின்னூட்டம் எவ்வளவுங்கிறதுல ஒரு சுவாரசியம் இருக்கு. அது எலக்ட்ரானோட மின்னூட்டமாவே இருக்கணுமான்னு கின்ஸ்பர்க்குக்குச் சந்தேகம். ஏதோ ஒரு பயனுறு மின்னூட்டம்னு வெச்சா, அது இடத்துக்கு இடம் மாறலாம், அப்போ சமன்பாட்டோட கேஜ் சமச்சீரே (மின்காந்தச் சமன்பாடுகளுக்கு அடிப்படையான ஒரு சமச்சீர்) கெட்டுப்போகும்னு லண்டாவ் தடுத்துட்டார். பிறகு சோதனை எண்களோட ஒப்பிட்டுப் பார்த்த கின்ஸ்பர்க், ரெண்டு மூணு மடங்கு வெச்சா நல்லாப் பொருந்துதுன்னு 1955-ல எழுதினார். ஜோடின்னு தெரிஞ்ச பிறகு பார்த்தா சரியா ரெண்டு மடங்கு. கோர்கோவ் 1959-ல பார்டீன் கூட்டணியோட கோட்பாட்டுல ஆரம்பிச்சு, மாற்றப் புள்ளிக்குப் பக்கத்துல அது அப்படியே கின்ஸ்பர்க்–லண்டாவ் சமன்பாடா மாறும்னு காட்டினார். சமன்பாட்டுல ஒரு உறுப்புகூட மாறலை. மாத்த வேண்டியிருந்தது அந்த ஒரு எண்தான்.

#4 வெண்ணாறு

அக்கா, நல்லாப் புரியுது. ஆனா இப்போ நேர் எதிரா ஒரு சந்தேகம். உள் விவரமே வேண்டாம், சமச்சீர் போதும்னா எல்லா நிலைமாற்றத்துக்கும் இது சரியா வந்தாகணுமே? அப்படி வருதா?

#5 கணேஸ் (யாழ்)

வராது தம்பி. நான் முப்பது வருசம் ஏ லெவல் பிள்ளையளுக்கு பௌதிகம் படிப்பிச்சனான், இந்தக் கேள்வியை ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல.

லண்டாவின்ர கணக்கு வந்து ஏழு வருசத்தில, 1944 இல, ஒன்சாகர் ஒரு தளத்தில காந்தத் துணுக்குகளை அடுக்கி வைச்ச மாதிரியை முழுசாத் தீர்த்துக் காட்டினார். ஐசிங் மாதிரி எண்டு சொல்லுவினம். அதில தோராயம் எண்டு ஒண்டுமில்லை, முழுத் தீர்வு. லண்டாவின்ர கணக்குப்படி மாற்றப் புள்ளியில வெப்பக் கொள்ளளவு ஒரு படி இறங்கினமாதிரிச் சடாரெண்டு விழவேணும். ஒன்சாகருக்கு வந்தது முடிவிலிக்குப் போற கூர். காந்தமேற்றம் எப்பிடி வளருது எண்டதும் பிழை: லண்டாவுக்கு வர்க்கமூலம், அதாவது அரை அடுக்கு. யாங் 1952 இல கணிச்சுச் சொன்னது எட்டில ஒரு பங்கு அடுக்கு. கிட்டவும் இல்லை.

இதைவிட வடிவான உதாரணம் திரவ ஹீலியம். 2.17 கெல்வினில அது மீபாய்மமா, அதாவது உராய்வே இல்லாமல் ஓடுற திரவமா மாறும். அதுக்கும் ஆர்டர் பாராமீட்டர் சை போல ஒரு கலப்பெண்தான். சமச்சீரும் மீக்கடத்தியின்ர அதே சாதி. ஆனா ஹீலியத்தின்ர வெப்பக் கொள்ளளவை வரைஞ்சு பார்த்தால் கிரேக்க லாம்டா எழுத்து மாதிரி கூரா நிக்கும். அதனாலதான் அதுக்கு லாம்டாப் புள்ளி எண்டு பெயர். புவியீர்ப்பு அந்தக் கூரை மழுக்குது எண்டு 1992 இல ஒரு பரிசோதனையை விண்ணோடத்தில மேல அனுப்பி, மாற்றப் புள்ளிக்கு ஒரு கெல்வினின்ர கோடியில ஒரு பங்கை விடக் கிட்டப் போய் அளந்தவை. லண்டாவின்ர படி அங்க இல்லவே இல்லை. அலுமினியம், வெள்ளீயம் எண்டு மீக்கடத்தி எதை எடுத்தாலும் அச்சொட்டா லண்டாவின்ர படி.

ஒரே சமச்சீர், ரெண்டு விதமான நடத்தை. ஏன் எண்டு தாமிரா சொல்லட்டும், அது அவவின்ர தொழில்.

#6 தாமிரா

கணேஸ் மாஸ்டர் பந்தைச் சரியான இடத்துல போட்டுட்டார்.

லண்டாவ் கணக்கு விட்டுட்டது ஏற்ற இறக்கத்தை. மாற்றப் புள்ளிக்குப் பக்கத்துல ஆர்டர் பாராமீட்டர் ஒரே சீரா இருக்காது. இங்கே கொஞ்சம் தலைதூக்கும், அங்கே கொஞ்சம் அமுங்கும். லண்டாவ் சராசரியை மட்டும் எடுத்தார். சராசரி எப்போ போதும்? ஒவ்வொரு துகளும் ஏகப்பட்ட துகளோட ஒரே நேரத்துல உறவு வெச்சிருந்தா போதும். ஹீலியம் அணு பக்கத்து அணுவோட மட்டும்தான் பேசும், அங்கே ஏற்ற இறக்கம் தலைவிரிச்சாடும். மீக்கடத்தியோட ஜோடி அப்படி இல்லை. அலுமினியத்துல ஒரு ஜோடியோட விரிவு ஒன்றரை மைக்ரான் அளவு. அணுக்களுக்கு இடையே இருக்கிற தூரத்தைப் போல பல ஆயிரம் மடங்கு. ஒரு ஜோடி பரவியிருக்கிற இடத்துக்குள்ளேயே இன்னும் லட்சக்கணக்கான ஜோடி இருக்கு. அவ்வளவு கூட்டத்துல தனித்தனி ஆட்டம் எடுபடாது, சராசரிதான் செல்லும்.

லெவான்யுக் 1959-லயும் கின்ஸ்பர்க் 1960-லயும் இதை எண்ணாவே போட்டுட்டாங்க: மாற்றப் புள்ளிக்கு எவ்வளவு பக்கத்துல போனா லண்டாவ் கணக்கு உடையும்? பழைய மீக்கடத்திகளுக்கு அந்த இடைவெளி அவ்வளவு குறுகல், எந்த வெப்பமானியாலும் அதுக்குள்ள போக முடியாது. ஹீலியத்துக்கு அது கிட்டத்தட்ட முழு வெப்பநிலை வரம்பையும் தின்னுடும். ஆக லண்டாவ் போட்ட பொதுக் கணக்கு, பொதுவா எல்லாத்துக்கும் பொருந்தலை. இருக்கிறதுலேயே ரொம்பப் புதிராக் கிடந்த மீக்கடத்திக்குத்தான் கனகச்சிதமாப் பொருந்துச்சு. ராசு, நான் முதல்ல சொன்ன விஷயம் இதுதான்.

உடைஞ்ச இடத்துல என்ன செய்யணும்னு கென்னத் வில்சன் 1971-ல ஒரு வழி காட்டினார், 1982-ல நோபல் வந்தது. அது தனி இழைக்கான சரக்கு.

#7 சும்மா ராசு

ஒத்துக்கறேன். தட்டுல ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிறேன்.

#8 செல்வா எம்.ஆர்.ஐ.

இந்த இழையில நான் எதுக்கு வரணும்னு இருந்தேன், ஆனா மீக்கடத்தியை தினமும் தொட்டுக்கிட்டு நிக்கிறவன் இங்கே நான்தான்னு நினைக்கிறேன். ஸ்கேன் சென்டர்ல டெக்னீஷியன். எங்களுது 1.5 டெஸ்லா மெஷின்.

வர்ற பேஷண்ட் பாதிப் பேர் கேக்கறது, "ஸ்கேன் முடிஞ்சதும் மெஷினை ஆஃப் பண்ணிருவீங்களாப்பா?" டொக்கு டொக்குன்னு அடிக்கிற சத்தம் நிக்கும், அது கிரேடியன்ட் காயில், சாதா செம்புக் கம்பி. காந்தம் நிக்கவே நிக்காது. எங்க மெஷினை நிறுவும்போது கூடவே இருந்தேன். ஒரு இன்ஜினியர் பவர் சப்ளையோட வந்தார். காயிலோட ஒரு சின்னத் துண்டுக்குப் பக்கத்துல ஹீட்டர் இருக்கும். ஹீட்டரைப் போட்டா அந்தத் துண்டு மட்டும் மீக்கடத்தியா இல்லாமப் போகும், கரண்ட் வெளியிலிருந்து காயிலுக்குள்ள ஏறும். மெதுவா ஏத்தி, எண் சரியா வந்ததும் ஹீட்டரை அணைச்சார். துண்டு குளிர்ந்து வட்டம் மூடிக்கிச்சு. அப்புறம் பவர் சப்ளையைக் கழட்டி வேன்ல ஏத்திட்டுக் கிளம்பிட்டார். ஊர்ல கரண்ட் போனாலும் காந்தம் அப்படியே இருக்கு, இத்தனை வருஷமா.

என் கேள்வி இது. மீக்கடத்தி காந்தப்புலத்தை உள்ளே விடாது, வெளியே தள்ளிடும்னு பயிற்சியில சொன்னாங்க. மைஸ்னர் விளைவு. புலம் அதிகமானா மீக்கடத்தியே செத்துடும்னும் சொன்னாங்க. அப்போ இந்தக் கம்பி தானே உண்டாக்குற 1.5 டெஸ்லாவுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு எப்படி உயிரோட இருக்கு?

#9 பழைய லேப்காரன்

தம்பி செல்வா கேட்டதுதான் இந்த இழையின் நடுப்புள்ளி. நான் குறைவெப்ப ஆய்வகத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன், கோட்பாட்டுக்காரன் இல்லை.

பாதரசம், ஈயம், வெள்ளீயம் போன்ற சுத்த உலோகங்கள் முதல் வகை, அவை நீங்கள் சொன்னபடிதான் நடக்கும். ஈயத்தை 4.2 கெல்வினில் வைத்தால் ஒரு டெஸ்லாவில் இருபதில் ஒரு பங்குப் புலத்திலேயே மீக்கடத்தல் போய்விடும். காமர்லிங் ஓன்ஸ் 1911-இல் லைடனில் மீக்கடத்தலைக் கண்டவுடன் பெரிய காந்தம் கட்டக் கனவு கண்டார். அந்தக் கனவு உடைந்தது இதனால்தான்.

உங்கள் கம்பி நியோபியம்–டைட்டானியம் கலவை. அது இரண்டாம் வகை. புலம் ஒரு கீழ் எல்லையைத் தாண்டியதும் உள்ளே நுழைந்துவிடும், ஆனால் மொத்தமாக அல்ல, மெல்லிய இழைகளாக. ஒவ்வொரு இழையின் நடுவிலும் மீக்கடத்தல் இல்லை, அதைச் சுற்றி மின்னோட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். சுழலுக்கும் சுழலுக்கும் இடைப்பட்ட இடம் மீக்கடத்தியாகவே இருக்கும். மேல் எல்லை வரும்வரை இப்படியே தாங்கும், நியோபியம்–டைட்டானியத்துக்கு 4.2 கெல்வினில் அது 10 டெஸ்லாவை ஒட்டி. இதுதான் அப்ரிகோசோவ் கணித்தது.

ஒவ்வொரு சுழலும் சுமக்கும் காந்தப் பாயம் மாறாத ஒரே அளவு, 2.07 பெருக்கல் பத்தின் மைனஸ் பதினைந்தாம் அடுக்கு வெபர். நீங்களே வகுத்துப் பாருங்கள்: ஒரு டெஸ்லாவில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 48 கோடி சுழல். அடுத்தடுத்த சுழல்களுக்கு இடையே 50 நானோமீட்டர்கூட இராது. உங்கள் காந்தத்தின் ஒவ்வொரு கம்பி இழைக்குள்ளும் இப்போது அந்தச் சுழல்கள் அடுக்கி நிற்கின்றன.

இன்னொரு சங்கதி, புத்தகங்களில் ஓரமாகத்தான் வரும். சுழல் உள்ளே வந்தால் மட்டும் போதாது, அசையாமலும் இருக்கவேண்டும். கம்பியில் மின்னோட்டம் ஓடும்போது அது சுழலைப் பக்கவாட்டில் தள்ளும். சுழல் நகர்ந்தால் ஆற்றல் விரயமாகும், அதாவது தடை வந்துவிடும், சூடாகும். குறையே இல்லாத சுத்தமான இரண்டாம் வகைப் படிகத்தால் காந்தம் கட்டவே முடியாது. அதனால் கம்பி இழுப்பவர்கள் வேண்டுமென்றே குறையை உண்டாக்குகிறார்கள். நியோபியம்–டைட்டானியத்தை இழுப்பது, சூடாக்குவது, மறுபடி இழுப்பது என்று மாற்றி மாற்றிச் செய்தால் டைட்டானியம் மிகுந்த நுண்துணுக்குகள் உள்ளே பிரிந்து நிற்கும். கடைசியில் அவற்றின் தடிமன் சில நானோமீட்டர்தான், சுழலின் நடுக்கரு அளவை ஒட்டி. சுழல் அங்கே போய் மாட்டிக்கொள்ளும். கோட்பாட்டுக்காரர்கள் மேல் எல்லையைச் சொன்னார்கள், ஒத்துக்கொள்கிறேன். எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதை உலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான் சொன்னார்கள்.

#10 செல்வா எம்.ஆர்.ஐ.

சார், நாளைக்கு மெஷின் பக்கத்துல போகும்போது வேற மாதிரி பார்ப்பேன். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 48 கோடியா!

#11 வெண்ணாறு

லேப்காரன் சார், அருமை. என் ரெண்டாவது கேள்வி அப்படியே நிக்குது. லண்டாவ் ஏன் ஏத்துக்கலை?

#12 தாமிரா

அப்ரிகோசோவ் தானே பல இடத்துல சொன்ன கதை இது.

1950 கட்டுரையிலேயே காப்பான்னு ஒரு எண் வரும். புலம் எவ்வளவு ஆழம் உள்ளே நுழையுங்கிற நீளத்தை, சை எவ்வளவு தூரத்துல மாறுங்கிற நீளத்தால வகுத்தா கிடைக்கிறது. அது ஒன்றின் கீழ் ரூட் ரெண்டு, அதாவது 0.71-ஐத் தாண்டினா, மீக்கடத்திக்கும் சாதா உலோகத்துக்கும் நடுவிலுள்ள எல்லைக்கு ஆற்றல் எதிர்க்குறியாயிடும்னு கின்ஸ்பர்க்கும் லண்டாவும் அப்போவே எழுதிட்டாங்க. எதிர்க்குறின்னா எல்லை உண்டாகிறதே லாபம், உலோகம் முழுக்க எல்லையா நிரம்பிடும். லேப்காரன் சார் சொன்ன இரண்டாம் வகை இந்தப் பக்கம்தான். ஆனா அவங்க கையில் இருந்த பாதரசத்துக்குக் காப்பா 0.2-ஐக்கூடத் தொடலை. அதனால அந்தப் பக்கம் போகாம விட்டுட்டாங்க.

அப்ரிகோசோவோட அறைத் தோழர் சவாரிட்ஸ்கி சோதனைக்காரர். குளிரவெச்ச கண்ணாடி மேல படிய வெச்ச உலோகப் படலங்களை அளந்தார், அது கோட்பாட்டுக்கு ஒத்து வரலை. காப்பா 0.71-ஐத் தாண்டிட்டா என்ன வரும்னு அப்ரிகோசோவ் போட்டுப் பார்த்தார், பொருந்திச்சு. 1952-ல அதை வெளியிட்டாங்க. அடுத்த படி, தடிமனான துண்டுக்குள்ள என்ன நடக்கும்? 1953-ல சுழல் வலை வந்தது. லண்டாவுக்குச் சுழலே பிடிக்கலை. அப்ரிகோசோவ் எடுத்து வெச்சுட்டார். பிறகு சுழலுற ஹீலியத்துல குவாண்டம் சுழல் இருக்கும்னு ஃபைன்மன் எழுதின கட்டுரை மாஸ்கோ வந்து சேர்ந்தது. அதுக்கப்புறம்தான் லண்டாவ் இறங்கி வந்தார். 1957-ல அச்சாச்சு.

லண்டாவைக் கொடுமைக்காரரா ஆக்கவும் எனக்கு மனசில்லை. அவர் கையெழுத்துப் போட்ட சமன்பாட்டுக்குள்ளேயே அந்தத் தீர்வு உட்கார்ந்திருந்தது, அவர் கண்ணுக்கு அது படலை, அவ்வளவுதான். அப்ரிகோசோவ் கணக்குப்படி வலை சதுரக் கட்டம். முக்கோண வலைக்குத்தான் ஆற்றல் குறைவுன்னு 1964-ல வேற மூணு பேர் காட்டினாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் நூத்துக்கு ரெண்டுதான், 1.18-க்கும் 1.16-க்கும். 1967-ல எஸ்மானும் டிராய்ப்லேயும் ஜெர்மனியில ஈயம்–இண்டியம் கலவை மேல நுண்ணிய இரும்புத் தூளைப் படியவெச்சு எலக்ட்ரான் நுண்ணோக்கியில பார்த்தாங்க. ஒவ்வொரு சுழல் முனையிலும் தூள் ஒட்டி, புள்ளி புள்ளியா முக்கோண வலை. 2003-ல அப்ரிகோசோவுக்கும் கின்ஸ்பர்க்குக்கும் லெகெட்டோட சேர்த்து நோபல் கிடைச்சப்போ கின்ஸ்பர்க்குக்கு வயசு 87.

#13 பழைய லேப்காரன்

தாமிரா, கதையை மாஸ்கோவில் தொடங்கி மாஸ்கோவிலேயே முடித்துவிட்டீர்கள். கார்கிவை எங்கே விட்டீர்கள்?

லெவ் ஷுப்னிகோவ் லைடனில் டி ஹாஸுடன் வேலை செய்தவர். ஷுப்னிகோவ்–டி ஹாஸ் விளைவு அந்தக் காலத்தது. ஊர் திரும்பிக் கார்கிவில் சோவியத் நாட்டின் முதல் குறைவெப்ப ஆய்வகத்தைக் கட்டினார். அதே நிறுவனத்தில் லண்டாவ் கோட்பாட்டுப் பிரிவில். இருவரும் நெருங்கிய நண்பர்கள். ஈயம்–தாலியம் கலவையில் ஒற்றைப் படிகங்கள் வளர்த்து, கூடியவரை ஒரே சீராக்கி, காந்தமேற்றத்தை அளந்தார்கள். ஒரு புலத்தில் காந்தம் நுழையத் தொடங்குகிறது, வேறொரு பெரிய புலத்தில்தான் மீக்கடத்தல் முழுக்கப் போகிறது. இரண்டு எல்லை. 1937-இல் அச்சில் வந்தது. அப்ரிகோசோவ் 1957 கட்டுரையில் தன் வரைகோட்டை ஒப்பிட்டது இந்தப் புள்ளிகளோடுதான். இருபது வருடம் அந்தப் புள்ளிகள் அங்கேயே கிடந்தன.

கட்டுரை வந்த அதே ஆண்டு ஷுப்னிகோவைக் கைது செய்தார்கள், நவம்பரில் சுட்டுக் கொன்றார்கள். வயது 36. அடுத்த வருடம் ஏப்ரலில் லண்டாவும் உள்ளே போனார். இயற்பியலாளர் கபிட்சா விடாமல் கடிதம் எழுதி ஒரு வருடத்தில் அவரை மீட்டார். ஷுப்னிகோவுக்காக எழுத யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்த வரைபடத்தை லண்டாவின் மூக்குக்கு நேரே நீட்டியிருப்பார், அப்ரிகோசோவ் நாலு வருடம் காத்திருக்க வேண்டியே வந்திராது. இது என் எண்ணம், நிரூபணம் இல்லை. இரு எல்லைக்கும் இடைப்பட்ட நிலைக்கு இன்று ஷுப்னிகோவ் கட்டம் என்று பெயர் இருக்கிறது. அதைச் சொல்பவர்கள்தான் குறைவு.

#14 தாமிரா

சார், ஷுப்னிகோவைச் சொல்லாம விட்டது முறையில்லை, சரி. ஆனா வாதத்துல ஒரு இடத்துல உங்களோட ஒத்துப்போக முடியலை. புள்ளிகள் கிடந்தது உண்மை, அதை மத்தவங்க எப்படிப் படிச்சாங்க? உலோகக்கலவை அழுக்கானது, உள்ளே மெல்லிசா ஒரு வலைப்பின்னல் மட்டும் தாங்குது, பஞ்சு மாதிரின்னு ஆக்ஸ்ஃபோர்டுல மெண்டல்சன் 1935-ல சொன்னார். அடுத்த இருபத்தஞ்சு வருஷம் உலகமே அதைத்தான் நம்பிச்சு. ஷுப்னிகோவ் படிகம் சீரானதுன்னு எவ்வளவு சொல்லியும், சமன்பாடு இல்லாததால அந்த வரைபடத்தை எல்லாரும் அழுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. 1957-க்குப் பிறகும் மேற்கே அப்ரிகோசோவை யாரும் கண்டுக்கலை. 1961-ல குன்ஸ்லர் கூட்டணி பெல் ஆய்வகத்துல நியோபியம்–வெள்ளீயக் கம்பி 8.8 டெஸ்லாவுலயும் பெரிய மின்னோட்டத்தைச் சுமக்கும்னு காட்டின பிறகுதான் எல்லாரும் பழைய ரஷ்யக் கட்டுரையைத் தேடினாங்க.

#15 பழைய லேப்காரன்

பாருங்கள், கடைசியில் தேட வைத்ததும் ஒரு சோதனைதான்.

#16 தாமிரா

தேடிப் போனது ஒரு கோட்பாட்டை, சார்.

#17 கணேஸ் (யாழ்)

ரெண்டு பேரும் ஆறுதலா இருங்கோ. நான் ஒரு புதினம் சொல்லுறன்.

மீக்கடத்தியில லண்டாவின்ர கணக்கு அச்சொட்டு எண்டு சொன்னன் எல்லோ. அதிலயும் ஒரு ஓட்டை இருக்கு. 1974 இல ஹால்ப்ரின், லுபென்ஸ்கி, மா மூண்டு பேரும் சை-யின்ர ஏற்ற இறக்கத்தை விட்டுப்போட்டு, காந்தப்புலத்தின்ர ஏற்ற இறக்கத்தை மட்டும் கணக்கில எடுத்துப் பார்த்தினம். நாற்படியோட நிக்கவேண்டிய இடத்தில முப்படி உறுப்பு ஒண்டு வந்து நுழைஞ்சுது. அப்பிடியெண்டால் முதல் வகை மீக்கடத்தியில மாற்றம் தொடர்ச்சியானது இல்லை, தண்ணி ஐசாகிற மாதிரி ஒரு சின்னப் பாய்ச்சல் இருக்கவேணும். ஆனா அலுமினியத்தில அந்தப் பாய்ச்சல் கண்ணில பட வேணுமெண்டால் மாற்றப் புள்ளிக்கு மைக்ரோகெல்வின் கணக்கில கிட்டப் போகவேணும். இரண்டாம் வகையில மாற்றம் தொடர்ச்சியானதுதான் எண்டு தாஸ்குப்தாவும் ஹால்ப்ரினும் 1981 இல காட்டினவை.

இதே மாதிரி வித்தையை ஒரு வருசம் முந்தி, 1973 இல, கோல்மனும் வைன்பர்க்கும் துகள் இயற்பியலில செய்திருந்தவை. மீக்கடத்திக்குள்ள ஒளித்துகளுக்கு நிறை வந்த மாதிரி ஆகிறதாலதான் புலம் உள்ளுக்குப் போகேலாமல் நிக்குது. அண்டர்சன் 1963 இல சொன்ன அந்த யோசினைதான் அடுத்த வருசம் ஹிக்ஸ் ஆக்களிட்டப் போய் வேற வடிவம் எடுத்தது. ஹிக்ஸ் துகளைப் பிடிச்ச ஜெனீவா முடுக்கி வளையத்தில 1232 பெரிய வளைக்கும் காந்தம். எல்லாம் செல்வாத் தம்பியின்ர அதே நியோபியம்–டைட்டானியம், 1.9 கெல்வினில.

#18 சும்மா ராசு

எல்லாம் சரி, 2023-ல கொரியாக்காரங்க அறை வெப்பநிலை மீக்கடத்தின்னு ஒரு கருப்புக் கல்லை மிதக்கவிட்டு வீடியோ போட்டாங்களே, எல்கே-99. அதுக்கு உங்க சமன்பாடு என்ன சொல்லுது?

#19 தாமிரா

அதுலயும் ஒரு நிலைமாற்றம் நடந்தது, ஆனா வேற ஒண்ணு. அந்தக் கல்லுல செம்புச் சல்ஃபைடு கலந்திருந்தது. அது 104 டிகிரி செல்சியஸ் வாக்குல படிக அமைப்பு மாறும், அப்போ மின்தடை சடார்னு விழும். அவங்க வரைபடத்துல விழுந்த இடமும் அதுதான். மின்தடை குறைஞ்சதா, பூஜ்யமாச்சான்னு பார்க்கணும்; புலத்தை வெளியே தள்ளுதான்னு பார்க்கணும். சல்ஃபைடு கலக்காமச் சுத்தமா வளர்த்த படிகம் மின்கடத்தாப் பொருளாவே இருந்தது. அரைகுறையா ஒரு பக்கம் தரையில ஒட்டிக்கிட்டு மிதக்கிறதுக்குச் சாதாரணக் காந்தத் தன்மையே போதும்.

#20 செல்வா எம்.ஆர்.ஐ.

அப்போ நிஜமாவே சூடான மீக்கடத்தி, அதாவது திரவ நைட்ரஜனிலேயே வேலை செய்யறது, 1987-ல இருந்தே இருக்குன்னு சொல்றாங்க. நாங்க ஏன் இன்னும் ஹீலியத்துக்கு அழுதுக்கிட்டிருக்கோம்? எங்க காந்தத்துக்குள்ள ஆயிரம் லிட்டருக்கு மேல இருக்கு, லெவல் குறைஞ்சா மேனேஜர் முகம் வாடிடும்.

#21 பழைய லேப்காரன்

இட்ரியம்–பேரியம்–செம்பு ஆக்சைடு, 92 கெல்வின். நைட்ரஜன் 77-இல் கொதிக்கிறது, ஆக நைட்ரஜனே போதும். ஆனால் அது பீங்கான், உடையும், கம்பியாக இழுபடாது. தவிர, தாமிரா சொன்ன விதி இங்கே திரும்பிக் கடிக்கிறது: அலுமினியத்தில் ஒன்றரை மைக்ரானாக இருந்த அந்த நீளம் இதில் ஒன்றரை நானோமீட்டர். ஜோடிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிப் படியவில்லை. ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. சுழல் வலையே ஐஸ் உருகுவதுபோல் உருகித் திரவமாகிவிடும், மீக்கடத்தல் இருக்கும்போதே. திரவமான சுழலை எந்தத் துணுக்கிலும் மாட்டிவைக்க முடியாது, உடனே தடை வந்துவிடும்.

படிகத்துண்டுகள் ஒன்றுக்கொன்று சில பாகை திரும்பியிருந்தாலும் எல்லையில் மின்னோட்டம் அடைபட்டுவிடும். அதனால் உலோக நாடாவின்மேல் ஒரு மைக்ரான் அளவில் மெல்லிய படலமாக, எல்லாத் துண்டும் ஒரே திசை பார்க்கும்படி வளர்க்கிறார்கள். விலை அங்கே ஏறுகிறது. நாடாவோடு நாடா இணைக்கும் இடத்தில் தடையே இல்லாமல் இணைப்பதும் பெரும்பாடு. நீங்கள் சொன்னீர்களே, பவர் சப்ளையைக் கழற்றி வேனில் ஏற்றியது, அது இதில் லேசில் நடக்காது.

#22 தாமிரா

சார் சொன்னதோட ஒரு வரி. அந்தச் செம்பு ஆக்சைடுகளில் ஜோடி எதனால சேருதுங்கிறதுல இன்னும் ஒத்த கருத்து இல்லை. அண்டர்சன் 1987-ல போட்ட யோசனையை அதே வருஷம் அவரோடு சேர்ந்து ஒரு கோட்பாடா வளர்த்தவர்கள்ல ஒருத்தர் ஜி. பாஸ்கரன், சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்துல பல வருஷம் இருந்தவர். சண்டை இன்னும் ஓயலை. ஆனா அந்தப் பொருள்களிலும் சுழலை எண்ணணும்னா கையில எடுக்கிறது 1950-ஓட சமன்பாட்டைத்தான், ஏற்ற இறக்கத்தைக் கூடச் சேர்த்துக்கிட்டு.

#23 செல்வா எம்.ஆர்.ஐ.

ஏழே லிட்டர் ஹீலியத்தை உள்ளேயே வெச்சு சீல் பண்ணின மாடல் வந்திருக்கு, நிரப்பவே வேண்டியதில்லையாம். மேனேஜர் கிட்ட அதைச் சொல்லிப் பார்க்கிறேன். விலையைக் கேட்டா மறுபடி முகம் வாடும்.